மாடிப்படிக்குக் கீழே ஒன்பது மூச்சு

என் பெயரும் முகவரியும் அடையாள அட்டையில் உள்ளபடியே. வயது ஐம்பத்து நான்கு. மின்னணுவியலில் முனைவர் பட்டம் பெற்றவன். அரசு உதவி பெறும் ஆய்வுக்கூடத்தில் தலைமைப் பொறியாளர். இடிபாட்டுக்குள் சிக்கியவரின் மூச்சசைவை வெளியிலிருந்தே காட்டும் கருவியை ஆறு ஆண்டுகளில் உருவாக்கினேன்.

அரசுத் துறையிடம் நிதியுதவி கோரிய என் மனு இரண்டு முறை திரும்பி வந்தது. அதன்பின் துறையின் பிரிவு அலுவலர் என்னை உட்காரவைத்து, "உயிரைக் காப்பாத்தும்னு மட்டும் எழுதினா ஃபைல் தூங்கும் சார். சுவருக்கு அந்தப் பக்கம் எத்தனை எதிரின்னு எண்ணும்னு ஒரு வரி சேருங்க, தானா ஓடும்" என்றார். சேர்த்தேன். ஓடியது. அந்த வரியை எழுதியவன் நானே. அதன்பின் அதே வரியைக் காட்டி, கருவி பாதுகாப்புப் பொருளென்று அரக்கு முத்திரையிட்டுப் பூட்டப்பட்டது. வெளியே எடுக்க இரண்டு துறைகளின் எழுத்து அனுமதி வேண்டும் என்றார்கள்.

இன்று காலை 9.20க்கு எங்கள் தெருமுனையிலுள்ள மூன்று மாடித் தையலகம் இடிந்தது. அதன்பின் இரண்டு துறைகளுக்கும் தொலைபேசினேன். ஒன்றில், மற்றது தந்தால் தாங்களும் தருவதாகச் சொன்னார்கள். மற்றதிலும் அதையே சொன்னார்கள். 10.05க்கு முத்திரையை உடைத்தேன். காவலாளி, தம் வேலை போய்விடும் என்று கெஞ்சியதால், அவரைத் தேநீர் குடிக்க அனுப்பிய பின்பே உடைத்தேன். அவருக்கு இதில் பங்கில்லை. இடிந்த கட்டடத்தில் என் உறவினர் எவருமில்லை, கேட்கப்பட்டதால் சொல்கிறேன்.

அதன்பின் இடிந்த இடத்தில், அதிர்வு குறுக்கிடாதபடி தீயணைப்பு வீரர்கள் எல்லா இயந்திரங்களையும் நிறுத்த, கருவி மூன்று இடங்களில் மூச்சைக் காட்டியது. இருவரை உயிருடன் எடுத்தார்கள். மூன்றாவது, மாடிப்படிக்குக் கீழே, நிமிடத்துக்கு ஒன்பது. அது தம் மனைவியேதான் என்று சொல்லிக்கொண்டு என் பக்கத்தில் நின்ற கட்டிங் மாஸ்டர், "அவ எதுக்கும் அவசரப்பட மாட்டா சார். மூச்சுகூட நிதானமாத்தான் விடுவா" என்றார். படியின் இடப்பக்கமா வலப்பக்கமா என்று அறிய இன்னும் சில நிமிடங்கள் தேவைப்பட்டன. பக்கம் மாறித் தோண்டினால் படி சரிந்துவிடும்.

அப்போது, 11.40க்கு, கருவியைக் கைப்பற்றி என்னையும் இந்தக் காவல் நிலையத்துக்கு அழைத்துவந்தீர்கள். பத்து நிமிடம் கேட்டேன். வந்த அதிகாரி, "என் கையில என்ன இருக்கு? மேலிடத்து உத்தரவு" என்றார். அவர் கையில் கருவி இருந்தது.

கருவி இப்போது இந்த மேஜைமேல் இருக்கிறது. மின்கலம் இன்னும் இரண்டு மணி நேரம் தாங்கும். இயக்கத் தெரிந்த என் உதவியாளர் அங்கேயே நிற்கிறார். என்னைப் பூட்டிவைத்துக்கொண்டு அதை மட்டும் அனுப்பலாம். வாக்குமூலப் பதிவு முடியட்டும் என்றீர்கள். முடித்துவிட்டேன்.

மேலே எழுதியதைப் படித்துப் பார்த்தேன். ஒவ்வொரு சொல்லும் என்னுடையது, உண்மை, திருத்தமில்லை. மணி 1.50. மூன்றாமவரை எடுத்ததாக இதுவரை எனக்குச் சொல்லப்படவில்லை.

(ஒப்பம்)