கையில கட்டுன டாக்டரம்மா

...மாத்திர வாணாம்னு சொன்னது டாக்டருன்னு நென்ச்சியா? கடியாரம்க்கா, கடியாரம்! கையில கட்ற கடியாரம்!

கொஞ்சம் தள்ளி குந்து. ஆஸ்பத்திரி பெஞ்சு, ஒரு ஆளுக்குதான் செஞ்சிகிறானுங்க போல... உன் ஊட்டுக்காருக்கு பக்கத்து கட்டில்ல படுத்துனு கீதே, அதான் எங்க ஊட்டுக்காரு டில்லிபாபு. மணலி பக்கம் டேங்கர் லாரி ஓட்டுது. நல்லா துன்னுகினு நல்லா தூங்கிகினு இருந்த ஆளு. இந்த கடியாரத்த என்னிக்கி வாங்கி மாட்டுச்சோ, அன்னிக்கி புட்ச்சது சனி! அது நாடிய பாத்து போனுக்கு அனுப்புமாம். போனுக்குள்ள ஏஐன்னு ஒரு பொம்பள குரலு. 'டில்லிபாபு, இப்போது தண்ணீர் அருந்துங்கள்'னும். ஒடனே சொம்ப தூக்கும். நான் கத்துனா மட்டும் காதுல வுழாது! வஞ்சிரம் வறுத்து வெச்சிகிறேன், கை வாய்கிட்ட போவுது, 'உணவு நேரம் முடிந்தது'ன்னுது. அப்டியே வெச்சிட்ச்சி! பூனைக்கு போட்டேன்.

சர்தான், ஊட்டோட போவட்டும்னு வுட்டேன். எங்க பெரிப்பா, மண்ணாங்கட்டின்னு பேரு, செத்துட்டாரு. கொருக்குப்பேட்டையே கூடி நிக்கிது. எங்க ஊட்டுக்காரு பாடைக்கு முன்னால ஆடிகினு போவுது. ஆட்றதுல இத அட்ச்சிக்க ஆளு கெடையாது, அத சொல்லணும்... நட்டரோட்ல கடியாரம் கீகீன்னுச்சி. 'இதயத் துடிப்பு அதிகம். உடனே உட்காருங்கள்.' குந்திட்ச்சிக்கா! மேளம் நின்னுபோச்சி, பாடை நின்னுபோச்சி, பின்னால பஸ்ஸு நின்னுபோச்சி. எங்க அண்ணன் சட்டைய புட்ச்சி தூக்கறான், 'டாக்டரம்மா இன்னும் எய்ந்துக்க சொல்லலயே மச்சான்'னுது!

குந்துனத வுழுந்துட்டதா நென்ச்சி, அந்த சனியன் அதுவா ஆம்புலன்சுக்கு போன் போட்ச்சி. 'பேஷண்ட் யாரு?'ன்னு எறங்குறாங்க. எறங்குனவங்க கண்ணுல மொதல்ல பட்டது பாடைல கீற பெரிப்பா! ஸ்ட்ரெச்சர தூக்கிகினு நேரா அங்கதான் ஓட்றாங்க! எங்க பெரிம்மா அய்துகினே சிர்ச்சிட்ச்சி. நீயும் சிரிக்காதக்கா... என் மானம் போச்சி!

அப்பால ஒரு நாளு, 'உங்கள் உடல்நிலை சீராக உள்ளது, மாத்திரை தேவையில்லை'ன்னு சொல்லிச்சாம் அந்தம்மா. அவ்ளோதான்! பிரஷர் மாத்திரய நிறுத்திட்ச்சி. என்னான்ட ஒரு வார்த்த சொல்லல.

இன்னிக்கி காலைல நெஞ்ச புட்ச்சிகினு குந்திகீது. வேர்த்து ஊத்துது. ஆட்டோ இட்டாறேன்னேன். 'இரு மலிகா, கடியாரம் ஒண்ணும் சொல்லலியே, நான் நல்லா ஓய்வு எடுக்குறேன்னுதே'ன்னு பல்ல கட்ச்சிகினு சொல்லுதுக்கா! மூஞ்சி வெளுத்து போச்சி. கடியாரத்த கயட்டி எறிஞ்சேன். தோள்ல சாச்சி இய்த்துகினு வந்தேன். 'இன்னும் கொஞ்சம் லேட்டாயிருந்தா...'ன்னு டாக்டரு மீதிய சொல்லக்கூட இல்ல.

இப்ப உள்ள பெரிய மிஷின்ல ஒயர் ஒயரா கோத்து வெச்சிகிறாங்க. டிக்கு டிக்குன்னுது. எட்டிப் பாத்தா, மிஷின பாத்து சிரிக்குதுக்கா! 'கடியாரத்தவிட பெர்சா கீது பாரு மலிகா'ன்னுது. அட்ச்சிருப்பேன்... நர்ஸம்மா இருந்தாங்க.

நான் இன்னா பண்ணிகினு கீறேன் தெரியுமா? இங்க குந்தி அந்த டிக்கு டிக்கயேதான் கேட்டுகினு கீறேன். ஒண்ணு தவறுனா எனுக்கு மூச்சு நின்னுடுது.

இன்னாக்கா எய்ந்துட்ட? டீக்கா? போ, போ... ஏ அக்கா, இரு! கதவு சாத்திட்டாங்க... உள்ள சத்தம் உனுக்கும் கேக்குதில்ல? கேக்குதில்லக்கா?