வருணுக்கு ஏற்ற கோடு

வங்காளத் தலைநகரின் தர்மதலாவில், துப்பாக்கிச் சாமான்கள் விற்கும் அந்தப் பழைய கடையில் அன்று பகல் இருந்தவர்கள் மூவர். துறைமுகத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்ற இராஜமாணிக்கம், அந்தப் புழுக்கத்திலும் சட்டையின் மேல்பொத்தானைக் கழற்றாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மருமகள் தமிழரசி. எதிரே கடைக்காரர் ஹரிஷங்கர், அதே ஊரின் காளிகாட் பகுதியிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். இராஜமாணிக்கத்தின் மகன் வருண் வரவில்லை. வாங்க வந்திருந்த, துப்பாக்கி மேல் பொருத்திக் குறிபார்க்கும் ஸ்கோப் அவனுக்குத்தான் என்று கடைக்காரரிடம் சொல்லியிருந்தார்கள்.

ஹரிஷங்கர்: ...அதனாலதான் கேக்கறேன் சார். தடிச்ச கோடா, மெல்லிசுக் கோடா?

இராஜமாணிக்கம்: குறி பாக்கறதுக்கு ஒரு கோடு. அதுல என்ன தம்பி தடிச்சது, மெல்லிசு?

ஹரிஷங்கர்: பாபா ரே! அதுலதான் சார் எல்லாமே இருக்கு. உள்ள தெரியற இந்தக் கோட்டுக்கு ரெட்டிகிள்னு பேரு. ஸ்கோப் எவ்வளவு ஒசத்தியா இருந்தாலும் இது பொருந்தலன்னா போச்சு. முந்நூறு மீட்டர்ல, குறி அட்டையோட நடுவட்டத்தைக் கோடே மறைச்சிடும்.

தமிழரசி: அப்புறமா மாத்தவும் முடியாது மாமா. உள்ள கண்ணாடியிலயே செதுக்கியிருக்கும். வாங்கினா வாங்கினதுதான்.

இராஜமாணிக்கம்: உனக்கு எப்படித் தெரியும்?

தமிழரசி: ...அவர் சொல்லிக் கேட்டிருக்கேன்.

இராஜமாணிக்கம்: ம்ம்.

ஹரிஷங்கர்: போட்டி என்னிக்கு பௌதி?

தமிழரசி: வர்ற ஞாயித்துக்கிழமை. ஆசன்சோல் பக்கம். இதுல நல்லா சுட்டாத்தான் மாநில டீமுக்கு எடுப்பாங்க.

இராஜமாணிக்கம்: அது என்ன பௌதி? தமிழ்ல பேசலாம்னுதானே தமிழன் கடையைத் தேடி வந்தோம்?

ஹரிஷங்கர்: அண்ணின்னுதான் சார் அர்த்தம். வாய் பழகிப் போச்சு. மன்னிச்சுக்குங்க அண்ணி.

இராஜமாணிக்கம்: நான் இந்த ஊர்லதான் தம்பி சர்வீஸ் பூரா இருந்தேன். ஒருத்தன்கிட்ட ஒரு வார்த்தை பெங்காலி பேசினதில்ல.

ஹரிஷங்கர்: அப்புறம் எப்படி சார் ஆபீஸ்ல வேலை நடந்தது?

இராஜமாணிக்கம்: அவங்க இங்கிலீஷ் கத்துக்கிட்டாங்க.

ஹரிஷங்கர்: ஹா... சரி சார். சுடறவர் எப்படின்னு சொல்லுங்க, கோட்டை நான் சொல்றேன். கண்ணாடி போடறவரா?

இராஜமாணிக்கம்: இல்ல.

தமிழரசி: ஆமா.

ஹரிஷங்கர்: ...எதை வெச்சுக்க?

இராஜமாணிக்கம்: வருண் எப்போம்மா கண்ணாடி போட்டான்?

தமிழரசி: சால்ட் லேக் ஆபீஸ்ல போட்டுக்கறார் மாமா. கம்ப்யூட்டர் பாக்கறப்ப.

இராஜமாணிக்கம்: ஆபீஸ்லயா துப்பாக்கி சுடறான்?

தமிழரசி: இல்ல... சுடறப்பவும் போட்டுக்கறது நல்லதுன்னு டாக்டர் சொன்னார்.

ஹரிஷங்கர்: கண்ணாடியில சிலிண்டர் பவர் இருக்கா அண்ணி?

தமிழரசி: இருக்கு.

ஹரிஷங்கர்: அப்போ சிவப்பு விளக்கு எரியற கோடு வேணாம். புள்ளி கலங்கி, வால் முளைச்ச மாதிரி தெரியும்.

தமிழரசி: ஆமா, அப்படியேதான் தெரியுது.

இராஜமாணிக்கம்: யாருக்கு?

தமிழரசி: அவருக்கு. சொல்வார்.

ஹரிஷங்கர்: டீக் ஆச்சே... சரி சரி, ஆகட்டும் சார். எந்தக் கண்ணால பாப்பார்?

இராஜமாணிக்கம்: இடது. அவன் இடதுகைக்காரன்.

தமிழரசி: வலது.

ஹரிஷங்கர்: சார்... அண்ணி... ரெண்டு பேரும் ஒரே ஆளைத்தானே சொல்றீங்க?

இராஜமாணிக்கம்: எனக்கு இருக்கறது ஒரே மகன்.

தமிழரசி: கோச் மாத்தச் சொன்னார் மாமா. கண்ணு, கை ரெண்டையும்.

இராஜமாணிக்கம்: நேத்துகூட பல்பை இடதுகையாலதானே மாட்டினான்?

தமிழரசி: பல்புக்குக் கோச் இல்லையே மாமா.

ஹரிஷங்கர்: இருக்கட்டும். காத்து அடிச்சா என்ன பண்ணுவார்? ஸ்கோப் மேல இருக்கற குமிழைத் திருப்பிச் சரி பண்ணுவாரா, குமிழைத் தொடாம கோட்டுலயே தள்ளிப் பிடிப்பாரா?

இராஜமாணிக்கம்: திருப்புவான். டக் டக்னு சத்தம் கேக்கும். அழகா இருக்கும்.

தமிழரசி: இப்போ தள்ளித்தான் பிடிக்கறது. திருப்பி முடிக்கறதுக்குள்ள காத்து மாறிடுது.

இராஜமாணிக்கம்: இதுவும் கோச்சா?

தமிழரசி: ...ஆமா மாமா.

ஹரிஷங்கர்: சார், திருப்பறவருக்கு வெறும் கோடு போதும். தள்ளிப் பிடிக்கறவருக்குக் குறுக்குக் கோட்டுல அளவுக் கீறல் இருக்கணும். அந்தக் கீறல்லயும் ரெண்டு வகை. மில்லுன்னு ஒண்ணு, எம்ஓஏன்னு ஒண்ணு.

இராஜமாணிக்கம்: எது ஒசத்தி?

ஹரிஷங்கர்: ஒசத்தி, மட்டம்னு இல்ல சார். இஞ்சு, சென்டிமீட்டர் மாதிரி. எதுல பழகினாரோ அதுதான்.

இராஜமாணிக்கம்: எம்ஓஏ. அந்த வார்த்தையை அவன் வாயால கேட்டிருக்கேன்.

தமிழரசி: மில்.

இராஜமாணிக்கம்: அந்தக் கோச் என் பிள்ளைகிட்ட எதையாவது பழையபடி விட்டு வெச்சிருக்கானா?

ஹரிஷங்கர்: சார், எனக்குத் தலை சுத்துது. அலமாரியில எந்தப் பக்கம் போறதுன்னே தெரியல.

இராஜமாணிக்கம்: எனக்கு மட்டும் புரியுதா? அதோ மரம் மாதிரி படம் போட்டிருக்கே, அது என்ன?

ஹரிஷங்கர்: அதுவா? நடுவுலேருந்து கீழ வரைக்கும் கிளை கிளையா கீறல் இருக்கும். தூரம் மாறி மாறிச் சுடறவங்களுக்கு.

இராஜமாணிக்கம்: அதுலதான் எல்லாம் இருக்கே. அதையே எடுங்க. எங்க குடும்பத்துல எதையும் அரைகுறையா வாங்கினது கிடையாது.

தமிழரசி: வேணாம் மாமா. அட்டை ஒரே தூரத்துல நிக்குது. இத்தனை கிளை இருந்தா கண்ணு அலையும்.

இராஜமாணிக்கம்: அவன் கண்ணுதானே அலையும்? உனக்கு என்ன?

தமிழரசி: ...அண்ணே, அந்த மெல்லிசுக் கோடு, நடுவுல பொட்டுப் புள்ளி... மில் கீறல் போட்டது. அதை எடுங்க. பாத்துட்டு அவர்கிட்ட சொல்றேன்.

ஹரிஷங்கர்: இந்தாங்க. வாசல்ல நின்னு எதிர்க் கட்டடத்தைப் பாருங்க.

இராஜமாணிக்கம்: முதல்ல இங்க குடு... என்ன தம்பி, ஒரே இருட்டா இருக்கு?

ஹரிஷங்கர்: மூடி சார். முன்னாடி மூடியைக் கழட்டணும்.

இராஜமாணிக்கம்: தெரியும், தெரியும்... ம்ம், ஒரு புறா தெரியுது. கோடு எங்க?

ஹரிஷங்கர்: புறா மேலயேதான் சார் இருக்கு. மெல்லிசு.

இராஜமாணிக்கம்: கோடே இல்லாததை என் தலையில கட்டப் பாக்கறீங்க.

தமிழரசி: இப்படிக் குடுங்க மாமா... இருக்கு. புறாவுக்குக் கீழ சுவத்துல ஒரு ஆணி. புள்ளி அந்த ஆணித் தலைக்குள்ளயே உக்காருது. மேல துணி காயுது... இடப்பக்கமா ஆடுது. காத்து வலதுலேருந்து. ஒரு கீறல்... இல்ல, அரைக் கீறல் தள்ளினாப் போதும்.

ஹரிஷங்கர்: அண்ணி!

தமிழரசி: என்ன?

ஹரிஷங்கர்: பாதி மூச்சை விட்டுட்டு நிறுத்தினீங்களே?

தமிழரசி: டிவில பாத்தது.

ஹரிஷங்கர்: டிவில மூச்சு தெரியுமா?

இராஜமாணிக்கம்: தம்பி, வேலையைப் பாருங்க.

ஹரிஷங்கர்: கோவிச்சுக்காதீங்க சார். எதுக்கு இவ்வளவு குழப்பம்? வருண் தாதாவுக்கே... அண்ணனுக்கே ஒரு போன் போட்டுக் கேட்டுடலாமே.

தமிழரசி: வேணாம்! மீட்டிங்ல இருப்பார்.

இராஜமாணிக்கம்: வேணாம். மீட்டிங்ல இருப்பான்.

ஹரிஷங்கர்: இது ஒண்ணுலதான் ரெண்டு பேரும் ஒத்துப்போறீங்க.

இராஜமாணிக்கம்: தமிழரசி, இங்க வா. புள்ளி தெளிவாத் தெரிஞ்சுதா?

தமிழரசி: அவருக்கு வந்து...

இராஜமாணிக்கம்: உனக்குத் தெரிஞ்சுதான்னு கேட்டேன்.

தமிழரசி: ...தெரிஞ்சுது மாமா.

இராஜமாணிக்கம்: கீறல்?

தமிழரசி: அதுவும் தெரிஞ்சுது.

இராஜமாணிக்கம்: அப்போ இதையே கட்டுங்க தம்பி.

ஹரிஷங்கர்: சார், நீங்க சொன்னது இடதுகைக்காரர், குமிழ் திருப்பறவர், கண்ணாடி போடாதவர். இது அவருக்குத் துளியும் ஒத்துவராது.

இராஜமாணிக்கம்: அவனுக்கு எதுக்கு ஒத்துவரணும்?

தமிழரசி: மாமா...

இராஜமாணிக்கம்: ஷோகேஸ்ல ஒரு கப் இருக்கே, வருண் ஜெயிச்சதுன்னு நீ கொண்டுவந்து வெச்சது. அதுக்கு அடியில என்ன எழுதியிருக்கு?

தமிழரசி: அது... பெங்காலில ஏதோ...

இராஜமாணிக்கம்: மகளிர் பிரிவு. முதல் பரிசு.

தமிழரசி: உங்களுக்குத்தான் பெங்காலி தெரியாதே மாமா!

இராஜமாணிக்கம்: பேசினதில்லன்னுதான் சொன்னேன். தெரியாதுன்னு யார் சொன்னது? ஆபீசுக்கு வர்ற மொட்டைக் கடுதாசி எல்லாம் பெங்காலிலதான் வரும். அடுத்தவன்கிட்ட குடுத்துப் படிக்கச் சொன்னா மரியாதையா இருக்குமா? நானே கத்துக்கிட்டேன்.

ஹரிஷங்கர்: பாபா ரே...

தமிழரசி: அப்போ... கப் வந்த அன்னிக்கே தெரியுமா?

இராஜமாணிக்கம்: அதுக்கு முன்னாடியே. துப்பாக்கி சுட்டுட்டு வர்றவன் சட்டையில மீன் வாசனை எப்படிம்மா வரும்? உன்னை மைதானத்துல இறக்கிவிட்டுட்டு அவன் கரியாஹாட் மீன் மார்க்கெட்டுல சுத்தறான்.

தமிழரசி: டீம்லேருந்து நீக்கினதுக்கு அப்புறம் அவர் துப்பாக்கியைத் தொடவே இல்ல மாமா. நான்தான் சும்மா பழகிப் பாத்தேன், பிடிச்சுப் போச்சு. அப்பாவுக்குத் தெரிஞ்சா தாங்கமாட்டார்னு அவர்தான்...

இராஜமாணிக்கம்: நான் தாங்கமாட்டேன்னு அவன் நெனச்சான். நாலு பேர் சிரிப்பாங்கன்னு நான் நெனச்சேன்.

தமிழரசி: ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாமே மாமா?

இராஜமாணிக்கம்: கேட்டா நீ இல்லன்னு சொல்லியிருப்பே. என் வீட்டு மருமக என் முகத்தைப் பாத்துப் பொய் சொல்றதுக்கு நான் இடம் குடுக்கமாட்டேன்.

ஹரிஷங்கர்: இவ்வளவு நேரம் அண்ணி என்ன சார் பண்ணிட்டிருந்தாங்க?

இராஜமாணிக்கம்: அது உங்களைப் பாத்துச் சொன்னது.

தமிழரசி: மாமா, ஒண்ணு கேட்டுக்கறேன். வெளியில மட்டும் அவர் பேரு அப்படியே இருக்கட்டும். ஆசன்சோலுக்கு நம்ம ஜனம் யார் வரப்போறா? விஷயம் தெரிஞ்சா அவரைத்தான் கேலி பண்ணுவாங்க. துப்பாக்கியைப் பெண்டாட்டி கையில குடுத்துட்டான்னு...

இராஜமாணிக்கம்: நான் மட்டும் அதை யோசிக்காமலா இருந்தேன்?

தமிழரசி: அப்போ அப்படியே விட்டுடுங்க மாமா.

ஹரிஷங்கர்: சார், உங்க போன் அடிக்குது.

தமிழரசி: அவரா மாமா?

இராஜமாணிக்கம்: இல்ல, நம்ம தமிழ்ச் சங்கத்துப் பரமசிவம்... சொல்லுங்க பரமசிவம்... ஆமா, கடையிலதான் இருக்கோம்... எதுக்கு வாழ்த்து?... சங்கத்து வாசல் போர்டுலயே எழுதிட்டீங்களா? என்னன்னு?... வருண் ஆசன்சோல் போட்டிக்குப் போறான்னா?

தமிழரசி: ஆமான்னு சொல்லிடுங்க மாமா... ப்ளீஸ்...

இராஜமாணிக்கம்: அழிச்சிடுங்க பரமசிவம். அது தப்பு. வருண் சுடறதை விட்டுட்டான். போறது என் மருமக தமிழரசி.