வெற்றுத்தாளில் போடாத கையெழுத்து

நம் பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் தலைமையாசிரியர் ஆதிமூலம் ஐயா அவர்களே! சமூக அறிவியல் சொல்லித்தரும் தனசேகரன் வாத்தியார் அவர்களே! வடக்கனந்தலிலிருந்தும் மலையடிவாரத்து ஊர்களிலிருந்தும் வண்டி கட்டி வந்திருக்கும் பெரியோர்களே! களையெடுப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருக்கும் என் தாய்மார்களே! உங்கள் எல்லோருக்கும் அமிர்தத்தின் வணக்கம்.

ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் நான். ஆனாலும் எங்கள் தெருவில் என் வயதுப் பெண்களில் பேனா பிடித்துக் கையெழுத்துப் போடுகிறவள் நான் ஒருத்திதான். அந்தப் பெருமைதான் போன புரட்டாசியில் என் பிள்ளையைக் கம்பிக்குள் பூட்டப் பார்த்தது!

இடஒதுக்கீடு கேட்டு ஊரே சாலைக்கு வந்ததை மறப்பீர்களா? மரங்கள் மறித்த சாலையை மறப்பீர்களா? மறியல் செய்தவர்கள் வெட்டிப் போட்ட புளியமரம், அவர்கள் கலைந்த பிறகும் சாலையில் கிடந்தது. விழுந்த மரத்தில் கிளை கழித்து அடுப்புக்கு எடுப்பது நம் வழக்கம். என் மகன் வீரமுத்து கோடாலியோடு போனான். வந்த போலீஸ் மரத்தைப் பார்த்தது, கோடாலியைப் பார்த்தது, அவனை வேனில் ஏற்றியது. அப்போது காலை எட்டு மணி.

மறுநாள் முதல் பஸ்ஸில் நானும் பேத்தி ஜெயசுதாவும் ஸ்டேஷனுக்குப் போனோம். ஏட்டு மைப்பெட்டியோடு ஒரு வெள்ளைத்தாளை நீட்டினார்.

"ரேகை வெச்சுட்டுப் போம்மா. பையன் தானா வூட்டுக்கு வந்துடுவான்."

"ரேகை எதுக்குங்க, எனக்குக் கையெழுத்தே வரும்" என்று நெஞ்சை நிமிர்த்திப் பேனாவை வாங்கினேன்.

யார் அங்கே சிரிக்கிறது? பெரியம்மாளா? உன் வீட்டுக்காரருக்காக என் பின்னால் கட்டைவிரலில் மையோடு நின்றவள் யாராம்?

பேனா தாளைத் தொடுவதற்குள் ஜெயசுதா என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

"ஆயா, ஒண்ணுமே எழுதாத தாளுல இன்னாத்துக்குக் கையெழுத்து போடுற? அப்பால அவங்க இன்னா எழுதிக்குவாங்களோ!" என்றவள் ஏட்டய்யாவிடம் திரும்பினாள். "எங்கப்பாவ இட்டுக்கினு வந்தது நேத்து எட்டு மணிக்குங்க. இருபத்துநாலு மணி நேரத்துக்குள்ள கோர்ட்டுல நிறுத்தணும்ங்க. இப்ப மணி ஏழு."

"இன்னா பாப்பா, வக்கீலுக்குப் படிக்கிறியா?"

"இல்லீங்க, எட்டாவது. கால்பரீட்சைக்கு வரும்ங்க."

உள்ளேயிருந்து சப்-இன்ஸ்பெக்டர் எழுந்து வந்தார். தாளைப் பார்த்தார், ஏட்டைப் பார்த்தார். தாளை நான்காகக் கிழித்தார். "வண்டிய எடுய்யா" என்றார்.

எட்டடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது என் பிள்ளை நீதிபதி வீட்டு வாசலில் நின்றான். நடந்ததைச் சொன்னான். ஜாமீன் கிடைத்தது. தை மாதம் வழக்கே தள்ளுபடி ஆனது. அன்று நான் விட்ட பெருமூச்சு கல்வராயன் மலையில் மோதித் திரும்பியிருக்கும்! இதோ, மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து வேர்க்கடலை உரிக்கிறான் பாருங்கள். உரிக்கட்டும், நிம்மதியாக உரிக்கட்டும்.

எது காத்தது என் பிள்ளையை? என் வயதா? என் வாயா? குடிமையியல் காத்தது! புத்தகத்தின் கடைசியில் கிடக்கும் அந்தக் கொஞ்சப் பக்கங்கள் காத்தன! நேரமில்லை என்று தனசேகரன் வாத்தியார் அவற்றைத் தாண்டிப் போயிருந்தால்?

ஐயா, இந்த வருடம் அந்த வகுப்பைக் கணக்குக்குக் கொடுக்கப்போவதாகக் கேள்விப்பட்டேன். கணக்கு வேண்டும், மறுக்கவில்லை. ஆனால், இடம் கேட்டுச் சாலையில் உட்கார்ந்த ஊர் இது. கேட்கும் உரிமை எங்கே எழுதியிருக்கிறது என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? தெரிந்து கேட்கட்டும் நம் பிள்ளைகள்! நிமிர்ந்து கேட்கட்டும்! கூலிக்காரன் பிள்ளையும் கேட்கட்டும், மலைமேல் இருப்பவன் பிள்ளையும் கேட்கட்டும்!

ஐயா தலையாட்டுகிறார்! தாய்மார்களே, எல்லோரும் பார்த்துக்கொண்டீர்களா? நாளைக்கு மாற்றிச் சொன்னால் நீங்கள்தான் சாட்சி!

என் மகனை எனக்குத் திருப்பிக் கொடுத்த பாடத்துக்கும், அதை விடாமல் நடத்திய வாத்தியாருக்கும், வெயிலில் இருந்து கேட்ட உங்களுக்கும் இந்த அமிர்தத்தின் நன்றி. வணக்கம்.