கழுத்தில் உலக்கை

கள்ளக்குறிச்சியிலிருந்து கரியாலூருக்கு மலையேறும் பஸ். எனக்கு முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும். அவன் கழுத்தில் புத்தம்புதுக் கருங்காலி மாலை.

“என் ஒலக்கைய அறுத்து, கடைசல் குடுத்து மணியாக்கி, கழுத்துல மாட்டிக்கினு வரியே, வெக்கமா இல்லியா?”

“மெதுவா பேசுடி. கட்டைதானே.”

“கட்டையா? எங்கம்மா வூட்டு சீருய்யா அது! வெட்டுனா கோடாலிதான் மழுங்கும். தண்ணில போட்டா கல்லு மாதிரி முழுவும். கரையான் தொடாது. இத்தினி வருசம் சாமை குத்தியும் தேயல. இனிமே உன் மண்டையிலயா குத்துறது?”

“கருங்காலி கழுத்துல இருந்தா கெட்டது எதுவும் கிட்ட அண்டாதாம்.”

பின்னால் யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

“மிச்ச பாதி ஒலக்கை வூட்லதான் இருக்குது. வா, அண்டுதா இல்லியான்னு பாத்துடலாம்.”