நேர்ச்சை வைத்த நோன்பு

கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்குப் போகும் காலை பஸ். எனக்கு முன் சீட்டில் ஓர் அக்காவும் தம்பியும். தம்பி முகக்கவசம் போட்டிருந்தார், மடியில் கிளினிக் கொப்பி.

“ராத்தா, நீங்க தந்த கிட்னி என்னோட கோவிச்சிட்டு.”

“குளிசைய விட்டியா?”

“விடல்ல. நேரத்தத்தான் மாத்தினன்.”

“ஏன்டா?”

“ஒப்பரேஷன் சரி வந்தா உங்களுக்காக ஏழு நோன்பு புடிக்கன் எண்டு நேர்ச்சை வெச்ச நான். மூணு புடிச்சிட்டன். காலைக் குளிசைய விடியமுன்ன சஹர் சாப்பாட்டோட போட்டன், பின்னேரத்துக் குளிசைய நோன்பு திறந்த பொறகு போட்டன். பகல்ல தண்ணியும் குடிக்கல்ல.”

“டொக்டர்ட்ட கேட்டியா?”

“கேட்டா வேணாம் எண்டுவாரு. அதான் கேக்கல்ல.”

பஸ் பெரியநீலாவணையைத் தாண்டியது.

“இப்ப டொக்டர் என்ன செல்றாரு?”

“உடம்பு கிட்னிய ஏத்துக்காமத் தள்ளுதாம். இண்டைக்கு வார்ட்டுல நிப்பாட்டுவாங்க.”

“புத்தி கெட்டவனே, ஆருடா உன்னட்ட நோன்பு கேட்ட?”

ராத்தா பையிலிருந்த தண்ணீர்ப் போத்தலைத் திறந்து நீட்டினார். தம்பி முகக்கவசத்தை இறக்கிக் குடித்தார்.

“நீ மனசுல வெச்ச நிய்யத் அல்லாஹ்வுக்குத் தெரியும். மிச்சம் நாலையும் நான் புடிக்கன். நீ கவலப்படாத.”

அவர் போத்தலை மூடாமல் ராத்தாவின் கையில் திருப்பிக் கொடுத்தார்.

“நீங்களும் குடிங்க ராத்தா. உங்களுக்கும் இப்ப கிட்னி ஒண்டுதானே இரிக்கி.”