ஆவியில் பதினைந்து நிமிடம்

இந்த ஸ்டேஷன் டீ நன்றாகவே இருக்கிறது, இன்ஸ்பெக்டரம்மா. இஞ்சி கொஞ்சம் தூக்கல், அதை ஒரு குறையென்று சொல்லமாட்டேன். என் பெயர் எத்திராஜ், வயது எழுபத்தொன்று. எதையும் மறைக்கிற சுபாவம் எனக்கு இல்லை. வாக்குமூலம் எழுதுகிற கான்ஸ்டபிளை மட்டும் கொஞ்சம் நிதானமாக எழுதச் சொல்லுங்கள்.

ஆவடியில் குவார்ட்டர்ஸுக்குத் தண்ணீர் ஏற்றும் பம்ப் ஹவுசில் முப்பத்திரண்டு வருஷம் இருந்தேன். ரிட்டையர் ஆனபிறகு அம்பத்தூரில் குழந்தையில்லாதவர்களுக்கான ஒரு கிளினிக்கில் சேர்ந்தேன். விந்தணு, முட்டை, கரு இதையெல்லாம் உறையவைத்துப் பாதுகாக்கிற தொட்டிகளுக்குத் திரவ நைட்ரஜன் ஊற்றுகிற வேலை. மைனஸ் நூற்றுத் தொண்ணூற்றாறு டிகிரி. ஒரு முறை வாழைப்பழத்தை அதில் முக்கி, அதையே சுத்தியாக வைத்து வாட்ச்மேன் துலுக்கானத்தின் ஸ்டூலுக்கு நாலு ஆணி அடித்துக் கொடுத்தேன். பழம் இளகியதும் அவனே உரித்துத் தின்றான். "இன்னா அண்ணாத்தே, சுத்தி இம்மாம் இனிப்பா கீது" என்றான்.

லேப் டாக்டர் கிருஷ்ணப்பிரியா நல்ல பெண். உதவிக்கு இருந்தவர் வேலையை விட்டுப் போனதும், இந்த வயதிலும் என் கை நடுங்காததைப் பார்த்து, விந்தணுவை உறையவைக்கும் வேலையை எனக்குக் கற்றுக்கொடுத்தார். ரிஜிஸ்டரில் கையெழுத்து அவருடையது. வேலை செய்கிற கை என்னுடையது.

அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஒவ்வொரு விந்தணுவின் தோலிலும் கண்ணுக்குத் தெரியாத மதகுகள் இருக்கின்றனவாம். புரதத்தால் ஆன மதகு, அக்வாபோரின் என்று பெயர். தண்ணீருக்கு வழிவிடுவதுதான் அதன் வேலை. சில வகை, நாம் காப்புக்காகக் கலக்கிற கிளிசராலையும் உள்ளே விடும். குளிர் மெல்ல ஏறினால் உள்ளே இருக்கிற தண்ணீர் அந்த மதகு வழியாக வெளியேறிவிடும். அணு சுருங்கித் தூங்கும், எத்தனை வருஷம் கழித்து எழுப்பினாலும் நீந்தும். குளிர் சட்டென்று ஏறினால் மதகுக்கு அவகாசம் இல்லை. தண்ணீர் உள்ளேயே மாட்டிக்கொண்டு ஊசி ஊசியாக உறையும். அந்த ஊசி அணுவை உள்ளிருந்தே கிழித்துவிடும். பம்ப் ஹவுஸ்காரனுக்கு இது புரிய எவ்வளவு நேரம் ஆகும்?

அதனால்தான் விந்தணு நிரப்பிய ஸ்ட்ராக்களை, ஜூஸ் குடிக்கிற ஸ்ட்ராவில் பாதி கனம்கூட இருக்காது, நைட்ரஜனுக்கு நாலு விரல் மேலே ஆவியில் பதினைந்து நிமிடம் வைப்போம். அதன்பிறகுதான் திரவத்தில் இறக்குவோம். மறுநாள் நான் எடுத்துக் கொடுக்கிற ஒரே ஒரு ஸ்ட்ராவை இளக்கி, நூற்றுக்கு எத்தனை நீந்துகிறது என்று டாக்டரம்மா எண்ணி எழுதுவார். அது சோதனை ஸ்ட்ரா. மற்றவை தேவைப்படும் நாள் வரைக்கும் தொட்டியில் கிடக்கும்.

இப்போது நான் செய்ததைச் சொல்கிறேன். செய்தது என்று பார்த்தால் ஒன்றுமில்லை. அந்தப் பதினைந்து நிமிடம் காத்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

எல்லோருக்கும் அப்படி இல்லை. என்னைத் தப்பாக நினைக்காதீர்கள். காத்திருக்கும் ஹாலில் நானும் ஓர் ஓரமாக உட்கார்ந்திருப்பேன். கிழவனை யாரும் கவனிப்பதில்லை. எந்தப் புருஷன் பெண்டாட்டியிடம் எப்படிப் பேசுகிறான் என்று கேட்டுக்கொண்டிருப்பேன். தகப்பனாக லாயக்கில்லாதவன் என்று பட்டால், அவனுடைய சோதனை ஸ்ட்ராவை மட்டும் முறையாக ஆவியில் வைப்பேன். மிச்சத்தை நேராகத் திரவத்தில் போட்டுவிடுவேன். அடுத்த வாரம் இரண்டு மூன்று முறை வெளியே எடுத்துக் கொஞ்சம் காற்றாட வைத்து மறுபடி இறக்குவேன், சந்தேகத்துக்கு இடமில்லாமல் இருக்கட்டும் என்று. சோதனை ஸ்ட்ராவில் மட்டும் ஒருநாளும் குளறுபடி செய்ததில்லை. ரிஜிஸ்டரில் பொய் ஏற நான் காரணமாக இருக்கக்கூடாது.

முதல் ஆள் பெண்டாட்டிமேல் கையை ஓங்கினவன். அதில் உங்களுக்கே ஆட்சேபணை இருக்காது. இரண்டாவது ஆள் தன் பெண்டாட்டியின் அம்மாவைப் பற்றிக் கேவலமாகப் பேசினான். சேக்காட்டிலிருந்து வந்த ஒருவர், பெண்டாட்டியின் பாட்டில் தண்ணீரை முழுக்கக் குடித்துவிட்டுக் காலிப் பாட்டிலை அவள் மடியில் வைத்தார். அவருக்கும் செய்தேன். இன்னொருவர் பேசவே இல்லை. அவருக்கும்.

எனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். என் வீட்டுக்காரி சுலோசனாவிடம் நான் ஒரு நாளும் சத்தம் போட்டதில்லை. ஒரு முறை பதினோரு மாதம் பேசாமல் இருந்தேன், அதுவும் அவள் திருந்த வேண்டும் என்பதற்காக. நெமிலிச்சேரியில் தன் தம்பி வீட்டுக்குப் போனவள் இன்னும் வரவில்லை. குழந்தை இல்லை.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை கிருபாகரனும் ரேணுகாவும் வந்தார்கள். பருத்திப்பட்டு ஏரிப் பக்கம் ஃபிளாட். அந்தப் பையனுக்கு அப்போது இருபத்தொன்பது வயது, ஐ.டி. வேலை. ரத்தப் புற்றுநோய். திங்கட்கிழமை கீமோ ஆரம்பம். அதன்பிறகு விந்தணு வருமா என்பதே சந்தேகம். அதனால் இரண்டு நாளுக்குள் எடுத்துவைக்க வந்திருந்தார்கள். ரேணுகா அழுதுகொண்டு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள், எனக்குக் கேட்கவில்லை. அவன் சொன்னது கேட்டது.

"வாயை மூடு ரேணு. இன்னொரு வார்த்தை பேசினே, எழுந்து போயிட்டே இருப்பேன்."

பத்து ஸ்ட்ரா. ஒன்று ஆவியில், ஒன்பது நேராக. மறுநாள் சோதனை ஸ்ட்ராவில் நூற்றுக்கு அறுபத்திரண்டு நீந்தியது. அருமையான மதகுகள், அதை நான் மறுக்கமாட்டேன்.

அவன் பிழைத்துவிட்டான். கீமோவில் விந்தணு அடியோடு போய்விட்டது, ஆள் மட்டும் தேறி வந்தான். போன மாதம் இருவரும் வந்தார்கள். பன்னிரண்டு நாள் ஊசி போட்டு, ஒரு காலை நேரத்தில் ரேணுகாவுக்கு மயக்கம் கொடுத்து ஏழு முட்டை எடுத்தார்கள். சாயங்காலத்துக்குள் அதில் விந்தணு சேர்த்தாக வேண்டும். கிருபாகரன் ஹாலில் என் பக்கத்தில் உட்கார்ந்தான். தலையில் முடி திரும்ப முளைத்திருந்தது, குழந்தை முடி மாதிரி.

டாக்டரம்மா கண்ணாடிக் கதவைத் திறந்து, "அண்ணே, ரெண்டு ஸ்ட்ரா" என்றார். எடுத்துக் கொடுத்தேன். இருபது நிமிடத்தில் மறுபடி கதவு திறந்தது. "இன்னும் ரெண்டு." கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

"ரெண்டு தடவை கேக்கறாங்களே ஐயா. எல்லாருக்கும் இப்படித்தானா?" என்றான் கிருபாகரன்.

"சில பேருக்கு ஆவும் தம்பி."

கைக்குட்டையை மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான். அவனாகவே பேச ஆரம்பித்தான். "அன்னிக்கு இதே இடத்துலதான் அவகிட்ட கத்தினேன். 'குழந்தையும் வேணாம் ஒண்ணும் வேணாம், நீ செத்துட்டா நானும் வந்துடறேன்'னு சொல்றா. நான் என்ன பண்றது? கத்தித்தான் அடக்க முடிஞ்சுது. இவளை உயிரோட இருக்க வெக்கறதுக்காவது ஒரு குழந்தை வேணும்னுதான் ஐயா சேத்து வெச்சேன்."

நான் யோசித்துப் பார்த்தேன், இன்ஸ்பெக்டரம்மா. நியாயமாகத்தான் யோசித்தேன். அதையே அவன் கொஞ்சம் மெதுவாகச் சொல்லியிருக்கலாம்.

கதவு திறந்தது. "ரெண்டு." பிறகு, "ரெண்டு." நாலு மணிக்கு ஒன்றுதான் பாக்கி. அதை இடுக்கியில் பிடித்து நீட்டியபோது டாக்டரம்மாவின் விரல் நடுங்கிற்று. என்னுடையது நடுங்கவில்லை. அவர் அதைப் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

ஒன்பதாவதும் அசையவில்லை. முன்பு யாருக்காவது இப்படியானால் டாக்டரம்மா புதிதாக எடுத்துக்கொள்வார், இவனிடம் எடுக்க ஒன்றுமில்லை. சாயம் போட்டுப் பார்த்தார். உயிருள்ள அணு சாயத்தை உள்ளே விடாது. எல்லாம் சிவந்து கிடந்தன. உள்ளே மயக்கம் தெளிந்த ரேணுகா நர்ஸ் சபீனாவிடம், "எத்தனை சேந்துச்சு சிஸ்டர், ஏழுமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். சபீனா போர்வையைச் சரிசெய்தாள்.

டாக்டரம்மா ரிஜிஸ்டரோடு தொட்டி அறைக்கு வந்து கதவைச் சாத்தினார்.

"ஒரே ஆள், ஒரே நாள், ஒரே கிண்ணத்துலேருந்து எடுத்தது. மதகும் ஒண்ணுதானே அண்ணே? ஒரு ஸ்ட்ரால அறுபத்திரண்டு நீந்தியிருக்கு. ஒன்பதுல ஒண்ணு இல்ல. நடுவுல யார் கை மாறிச்சு?"

"கை மாறல டாக்டரம்மா. எல்லாம் நான்தான்."

அவர் ரிஜிஸ்டரை மூடினார். அப்புறம் ஏன் என்று கேட்டார். சொன்னேன், இப்போது உங்களிடம் சொல்வதைப் போலவே. பாதியிலேயே காதைப் பொத்திக்கொண்டார். படித்தவர், முழுசாகக் கேட்டிருக்கலாம்.

அந்த ஏழு முட்டையையும் அன்றைக்கே உறையவைத்துவிட்டார். முட்டை பெரிசு, அதன் அளவுக்கு மதகு போதாது, அதனால் வேறு முறை. கண் இமைக்கிற நேரத்தில் கண்ணாடி மாதிரி ஆக்கிவிட வேண்டும். வேறொருவர் விந்தணு வேண்டுமா என்று கேட்டதற்கு ரேணுகா வேண்டாம் என்று தலையை ஆட்டினாளாம். முட்டை அப்படியே இருக்கிறது. நைட்ரஜன் குறையாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள், புது ஆள் மறந்துவிடுவான்.

நாற்பத்தொரு பேர் என்று உங்கள் காகிதத்தில் இருக்கிறது. அது தப்பு. நாற்பத்துமூன்று. இரண்டு பேருடையது இன்னும் திறக்கப்படாமல் இருக்கிறது, அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. ஒருவர் போன பொங்கலுக்கு எனக்கு வேட்டி எடுத்துக் கொடுத்தார். அத்தனையும் நான் தெரிந்தே செய்தது. யாரும் தூண்டவில்லை. கையெழுத்துப் போடத் தயார்.

நேற்று ரேணுகா இங்கே வந்திருந்தாளே, நீங்களும் இருந்தீர்கள். "நான் என்ன ஐயா செஞ்சேன் உங்களுக்கு?" என்று கேட்டாள். "உனக்காகத்தாம்மா செஞ்சேன்" என்றேன். கிருபாகரனின் கையைப் பிடித்துக்கொண்டு கிளம்பிப் போய்விட்டாள். நன்றி சொல்லத்தான் வந்திருப்பாள். புருஷன் பக்கத்திலேயே நின்றானே, பாவம், பயந்துவிட்டாள்.