சுட்ட தோட்டா

"படிச்சிட்டே, சரி. ஆஸ்திரேலியாவுல தனியா இருந்துடுவியா?" என்று கேட்டார் சித்தப்பா. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்.

எழுபத்தாறில், மெல்பர்னிலிருந்து வெரிபீ போகும் ரயிலில், எனக்கு முன் இருக்கையில் இரண்டு யாழ்ப்பாணத்தார்.

"முயல் சுட ஒற்றைக்குழல் துவக்குப் போதும், அண்ணை. பழசெண்டாலும் நல்ல இரும்பு. ஏன் யோசிக்கிறியள்?"

"விக்கிற கிழவன், வச்சுப் பாத்திட்டு எடு எண்டு தந்தவன். காலமை துவக்கைத் திறந்தா குழலுக்க ஒரு சுட்ட தோட்டா. எடுத்தெறிஞ்சன். அடுத்த நாளும் ஒண்டு கிடந்தது. இண்டைக்குக் கிடந்தது சூடு."

"குடிவெறியில சுட்டிருப்பியள்!"

"நான் இன்னும் தோட்டாவே வாங்கேல்லையடா."

"இப்ப துவக்கு எங்க?"

"வீட்டில. மனுசி தனிய நிக்கிறா."

அடுத்த நிலையத்தில் இருவரும் அவசரமாக இறங்கினார்கள். எனக்கு இன்னும் இரண்டு நிலையம் இருந்தது; பெட்டியில் நான் மட்டும் தனியாக. நானும் இறங்கிவிட்டேன்.